எஞ்சி நிற்பவரின் கையில்

படைவீரரின் ஓய்வு மற்றவர்களின் ஓய்வைப் போன்றதன்று. 18, 20 வயதில் படையில் சேர்ந்த சிப்பாய் 35-க்கும் 40-க்கும் இடைப்பட்ட பருவத்திலேயே கறுப்புப் பெட்டியோடு ஊர் திரும்பிவிடுகிறார். உடன் படித்தவர்கள் உழைப்பின் நடுப்பாதையில் நிற்கும்போது அவர் ஓய்வூதியர் ஆகிறார். வங்கி வாயிலிலோ தொழிற்சாலைக் காவலிலோ இரண்டாம் பணியொன்றைத் தேடிக்கொள்கிறார். பிள்ளைகள் அப்போதுதான் பள்ளிப் படியேறத் தொடங்கியிருப்பார்கள். அவருக்கு முன்னே இன்னும் 40 ஆண்டுகள் கிடக்கலாம். அவர் மனைவிக்கு அதனினும் மிகுதியாக இருக்கலாம். அந்த நெடுவழி முழுவதற்கும் உடலைக் காக்கும் ஏற்பாடு எது என்பதை, காய்ச்சலும் அண்டாத அந்த வயதில், ஓடிப் பழகிய கால்களோடு நின்று அவர் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. நலமாக இருக்கும் ஒருவர், நோயுற்றிருக்கப் போகும் தமக்காகவும் தம்மைச் சார்ந்தவர்க்காகவும் இன்றே தேர்ந்துகொள்கிறார் என்பதே இதிலுள்ள முதல் இடர்.

அவர் முன் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, 2003-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள முன்னாள் படைவீரர் பங்களிப்பு நல்வாழ்வுத் திட்டம். படைக் குடும்பங்களில் இ.சி.எச்.எஸ். என்று சொன்னால்தான் விளங்கும். அதற்கு முன்பு, ஓய்வு பெற்ற வீரர் ராணுவ மருத்துவமனையை நாடிச் செல்லலாம். பணியிலிருப்போர்க்குப் போக இடமிருந்தால் உள்ளே சேர்த்துக்கொள்வார்கள், அவ்வளவே. இந்தத் திட்டமோ நாடெங்கும் பாலிகிளினிக்குகளை நிறுவி, அவற்றின் வழியாகப் பட்டியலில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் கட்டணமின்றி மருத்துவம் பெற வகை செய்தது. ஓய்வு பெறும்போது ஒரே ஒருமுறை பங்களிப்பு செலுத்தினால் போதும். 2017-ஆம் ஆண்டு இறுதியில் திருத்தப்பட்ட விகிதப்படி ஹவில்தார் வரையிலானோர்க்கு 30,000 ரூபாயும், நாயப் சுபேதார் முதல் சுபேதார் மேஜர் வரையிலானோர்க்கு 67,000 ரூபாயும், அதிகாரிகளுக்கு 1,20,000 ரூபாயும் ஆகும். 1996-க்கு முன் ஓய்வு பெற்றவர்களும் போரில் கணவரை இழந்த பெண்களும் அதையும் செலுத்த வேண்டியதில்லை. வயது வரம்பு இல்லை. முன்பே உள்ள நோய் என்று ஒதுக்குவது இல்லை. இவ்வளவு ரூபாய்க்குத்தான் மருத்துவம் என்ற உச்சவரம்பும் இல்லை. மனைவியோடு, சார்ந்து வாழும் தாய் தந்தையரும் இதில் அடங்குவர்.

மற்றொன்று தனியார் மருத்துவக் காப்பீடு. ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தி, இத்தனை இலட்சம் வரை என்று எழுதிக்கொண்ட ஒப்பந்தத்தின்படி செலவைப் பெற்றுக்கொள்வது. இதனை இகழ்ந்து பேசுவாரோடு நான் உடன்படுவதில்லை. ஒப்பந்தம் செய்துகொண்டு அதன்படி நடப்பதும் ஓர் அறமே. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024-இல் செய்த திருத்தங்களால் பொதுமக்களின் நிலையும் சற்று உயர்ந்துள்ளது: முன்பே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் 36 மாதங்களுக்கு மேற்படக் கூடாது, 60 மாதங்கள் இடையறாது கட்டணம் செலுத்தியவரின் கோரிக்கையை, மோசடி என்று நிறுவினாலன்றி, நோயை மறைத்தார் என்ற காரணம் காட்டி மறுக்கக் கூடாது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக் கட்டணத்தின் மீதிருந்த சரக்கு சேவை வரியும் நீங்கிவிட்டது. இவையெல்லாம் நன்மைகளே.

2003 ஏப்ரலுக்குப் பின் ஓய்வூதியத்தோடு வெளிவந்த வீரர்க்கு அரசுத் திட்டத்தில் உறுப்பினராவது கட்டாயம். ஆகவே உறுப்பினர் அட்டையைப் பெறுவதா வேண்டாவா என்று அவர் எண்ண வேண்டியதில்லை. அதனை நம்பி நிற்பதா, பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத் தனியாரைச் சார்வதா, இரண்டையும் ஒருங்கே தாங்குவதா என்பதே அவர் எண்ண வேண்டியது. இதை எண்ணாமலே காலம் கடத்துவோர்தாம் மிகுதி.

அரசுத் திட்டத்தின் மீது வீரர்கள் கூறும் குறைகள் பொய்யல்ல. பாலிகிளினிக் பெரும்பாலும் மாவட்டத் தலைநகரிலோ அதற்கும் அப்பாலோ இருக்கும்; சிற்றூரில் வாழும் முதியவர் விடியுமுன் பேருந்து ஏறினால்தான் முற்பகலில் மருத்துவரைக் காண முடியும். அங்கே பார்த்து, பரிந்துரைச் சீட்டு பெற்று, பட்டியலில் உள்ள மருத்துவமனையைத் தேடி மறுநாள் மீண்டும் புறப்பட வேண்டும். எழுதித் தந்த மருந்துகளில் இரண்டு இருப்பில் இல்லை என்று திரும்பி வரும். தனியார் மருத்துவமனைகளுக்கு அரசு தர வேண்டிய தொகை தேங்கி நிற்பதும், அதனைக் காரணம் காட்டிச் சில மருத்துவமனைகள் அட்டையோடு வருவோரை ஏற்கத் தயங்குவதும் நாடாளுமன்றக் குழு வரை பேசப்பட்ட செய்தி. உடலால் நாட்டைத் தாங்கியவர் ஒரு முகப்பு மேசையின் முன்னே முன்பணம் கேட்கப்பட்டு நிற்பது, அவருக்கு மட்டும் நேரும் இழிவன்று. வாக்களித்த அரசுக்கே நேரும் இழிவு.

அந்த வாக்கின் அடியில் இருப்பது பழைய கடன். போரில் வீழ்ந்தவர்க்கு நடுகல் நட்டதோடு நில்லாமல், அவர் குடும்பத்துக்கு உதிரப்பட்டியாக நிலம் விட்ட செய்தியை நம் கல்வெட்டுகள் சொல்கின்றன. பிரான்சில் பதினான்காம் லூயி 1670-இலும், இங்கிலாந்தில் இரண்டாம் சார்லஸ் 1682-இலும் முதிர்ந்த, உறுப்பிழந்த வீரர்களுக்கென மாளிகைகள் எழுப்ப முற்பட்டனர். நம் சென்னையிலேயே, புனித ஜார்ஜ் கோட்டைக்குள் நோயுற்ற வீரர்களுக்காக 1664-இல் தொடங்கப்பட்ட சிறு மருத்துவமனைதான் வளர்ந்து, இன்று சென்ட்ரல் நிலையத்தின் எதிரே ஏழை எளியோர் அனைவருக்கும் கதவு திறந்து நிற்கும் அரசு பொது மருத்துவமனையாகியுள்ளது. வீரனுக்கு என்று செய்யப்பட்டது பின்னாளில் மக்கள் அனைவருக்கும் ஆனது. ஆதலால் வீரர் தமக்குரிய மருத்துவத்தைக் கேட்டுப் பெறுவது இரந்து நிற்பதாகாது. வரிசையில் நிற்பதைத் தம் மதிப்புக்குக் குறைவென எண்ணி, அதற்காகவே தனியார் காப்பீட்டுக்கு ஓய்வூதியத்தில் பெரும்பகுதியைக் கொடுப்பவர்களைக் காண்கிறேன். பனிமலையில் காவல் நின்ற கால்களுக்குப் பாலிகிளினிக் வாயிலில் நிற்பது இழுக்காகாது என்று அவர்களுக்கு யாரேனும் சொல்ல வேண்டும்.

கடனாக வருவதைப் பெறுவோர்க்கும் கடமை உண்டு. தம் அட்டையைக் காட்டி உறவினர்க்கு மருந்து வாங்குவதும், தேவைக்கு மேல் மாத்திரைகளை வாங்கி அலமாரியில் அடுக்குவதும், அட்டை இருக்கிறதே என்று மருத்துவமனை சொல்லும் வேண்டாத சோதனைகளுக்கெல்லாம் உடன்படுவதும் சிறு பிழைகள் போலத் தோன்றும். ஆனால் பொதுக் களஞ்சியம் அவ்வாறுதான் வற்றுகிறது. வற்றிய களஞ்சியத்தின் முன் கடைசியாக வந்து நிற்பவர், தமக்கு முன் வந்த தோழர் கொண்டு சென்றதை அறியார்.

இனி, இந்தக் கட்டுரையில் நான் முதன்மையாகக் கருதுவதைச் சொல்கிறேன். இரு வழிகளையும் ஒப்பிடும் வீரர்கள் அனைவரும் தம் இடத்திலிருந்தே ஒப்பிடுகிறார்கள். எனக்கு நெஞ்சுவலி வந்தால் எங்கே சேர்ப்பார்கள், எனக்கு எவ்வளவு கிடைக்கும் என்றே கணக்கிடுகிறார்கள். அந்த ஏற்பாட்டை நெடுங்காலம் தனியே கையாளப் போகிறவர் பெரும்பாலும் அவரல்லர், அவர் மனைவி. அகவையில் இளையவர், கணவருக்குப் பின் பத்து, பதினைந்து ஆண்டுகள் வாழ்பவர், மூட்டு நோவும் இரத்தக் கொதிப்பும் கண்புரையும் வந்த பருவத்தில் ஒரு கோப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அலுவலக வாயிலில் நிற்கப் போகிறவர். எது நல்ல ஏற்பாடு என்பதை அவர் நிற்கும் இடத்திலிருந்து அளப்பதே நேரிய அளவு.

அவ்வாறு அளந்தால் கணக்கு வேறாகிறது. வீரரின் ஓய்வூதியம் கடைசி ஊதியத்தில் 50 விழுக்காடு. அவருக்குப் பின் மனைவிக்கு வரும் இயல்பான குடும்ப ஓய்வூதியம் 30 விழுக்காடு. வருவாய் ஐந்தில் மூன்று பங்காகச் சுருங்கும் அந்நாளில், தனியார் காப்பீட்டுக் கட்டணமோ அவருடைய வயதைப் பின்தொடர்ந்து ஏறிக்கொண்டே இருக்கும். 60 வயதைக் கடந்தோர்க்கு ஆண்டில் 10 விழுக்காட்டுக்கு மேல் கட்டணத்தை உயர்த்துவதாயின் நிறுவனங்கள் தன்னைக் கலந்தாக வேண்டும் என்று 2025 தொடக்கத்தில் ஒழுங்குமுறை ஆணையம் கட்டளையிட்டது. பத்து விழுக்காடாகவே உயர்ந்தாலும் எட்டு ஆண்டுகளில் கட்டணம் இரு மடங்கைத் தாண்டிவிடும். அரசுத் திட்டத்திலோ கணவர் ஒருமுறை செலுத்திய பங்களிப்பே மனைவியின் வாழ்நாள் முழுவதற்கும் போதும். குடும்ப ஓய்வூதியர் என்ற முறையில் அவருடைய உரிமை தொடர்கிறது.

உரிமை தொடர்கிறது என்பது ஏட்டில் உள்ளது. கையில் அது தொடர வேண்டுமானால் கணவர் உயிரோடு இருக்கும்போதே செய்ய வேண்டியவை உண்டு. வட ஆர்க்காட்டுப் பகுதியில், கம்மவான்பேட்டை போல வீட்டுக்கு ஒருவரேனும் படைக்குச் சென்ற ஊர்கள் உள்ள மண்ணில், சுபேதார் ஒருவரின் மனைவியை அறிவேன். கணவர் பெருந்தன்மையானவர்; வீட்டுக் காகிதங்கள் எதனையும் மனைவியின் மேல் சுமத்தக் கூடாது என்று தாமே அனைத்தையும் பார்த்துக்கொண்டவர். பாலிகிளினிக்கின் அலைச்சல் வேண்டாம் என்று தனியார் காப்பீடு எடுத்து, அதன் கட்டணம் தம் வங்கிக் கணக்கிலிருந்து தானே கழியுமாறு செய்திருந்தார். அவர் மறைந்ததும் ஓய்வூதியக் கணக்கு நின்றது. கட்டணம் கழியவில்லை, நினைவூட்டும் செய்தி வந்ததோ மறைந்தவரின் கைப்பேசிக்கு. சலுகை நாள்களும் கடந்து காப்பீடு காலாவதியானது.

பிறகு அந்த அம்மா பீரோவில் கிடந்த அட்டையைத் தேடி எடுத்தார். ஓய்வூதிய ஆணையில் அவர் பெயர் தந்தையின் தலைப்பெழுத்தோடு ஒரு வகையாக இருந்தது. ஆதாரில் கணவர் பெயரின் தலைப்பெழுத்தோடு வேறு வகையாக இருந்தது. பிறந்த ஆண்டும் ஒன்றோடொன்று ஒத்து வரவில்லை. ஆணையில் இருந்ததோ, வடநாட்டு எழுத்தர் ஒருவர் முப்பதாண்டுக்கு முன் காதால் கேட்டு எழுதிய பெயர். "ரெக்கார்டு ஆபீசுக்கு எழுதிப் போடுங்கம்மா" என்று சொல்லாத மேசை இல்லை. படைப்பிரிவின் ஆவண அலுவலகத்துக்கு எழுதி, உறுதிமொழிப் பத்திரம் இணைத்து, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் ஒப்பமும் பெற்று, அவர் பெயரில் அட்டை வந்து சேர்வதற்குள் கண்புரை அறுவையைக் கைப்பணத்தில் செய்துகொள்ள நேர்ந்தது. கணவரின் அன்பில் ஒரு குறையும் இல்லை. மனைவிக்குச் சுமை தரக் கூடாது என்ற அந்த அன்பே, அவர் அறிந்திருக்க வேண்டியதை அவரிடமிருந்து மறைத்து வைத்தது.

ஆகவே 50 வயதில் உள்ள முன்னாள் வீரர்க்கு நான் சொல்வது: மனைவியின் பெயரும் பிறந்த நாளும் ஓய்வூதிய ஆணையிலும் ஆதாரிலும் ஒன்றாக உள்ளனவா என்று இவ்வாண்டே பாருங்கள், மாறியிருந்தால் நீங்கள் கையொப்பமிட முடிகிற காலத்திலேயே திருத்துங்கள். பாலிகிளினிக்குக்குச் செல்லும்போது அவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். எந்தச் சாளரத்தில் சீட்டு, எந்த அறையில் மருந்து என்பதை அவர் கண்ணால் கண்டிருக்க வேண்டும். உயிருக்கு இடர் நேரும் வேளையில் பரிந்துரைச் சீட்டு தேவையில்லை என்பதையும், பட்டியலில் இல்லாத மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால் 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள பாலிகிளினிக்குக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதையும், அப்போது திரும்பக் கிடைப்பது அரசு விகிதப்படியான தொகையே என்பதையும் அவரும் மூத்த பிள்ளையும் மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும்.

தனியார் காப்பீட்டுக்கு இதில் இடமே இல்லையா என்றால், உண்டு. அரசுத் திட்டத்தின் நிழல் மகனுக்கு 25 வயது வரைதான், அதற்குள் வேலையோ திருமணமோ அமைந்தால் அதுவரைதான். மகளுக்கும் வேலையோ திருமணமோ வரும் வரைதான். அவர்கள் தம் பெயரில் இளமையிலேயே காப்பீடு எடுத்துக்கொள்வது தக்கது. பட்டியலில் உள்ள மருத்துவமனை எதுவும் எட்டாத தொலைவில் வாழ்பவர்க்கும், வருவாயில் மிச்சம் உள்ளவர்க்கும் அளவான காப்பீடொன்று துணையாக இருக்கலாம். துணையாக என்ற சொல்லை எண்ணித்தான் எழுதுகிறேன்; குடும்ப ஓய்வூதியத்தில் தொடர்ந்து கட்ட இயலாத கட்டணத்தை முழு ஓய்வூதியத்தின் வலிமையில் தொடங்குவது, பாதி வழியில் கைவிடுவதற்காகத் தொடங்குவதாகும். எடுப்பதாயின் உடல் நலமாக உள்ளபோதே எடுக்க வேண்டும். விண்ணப்பத்தில் உள்ளதை உள்ளவாறு எழுத வேண்டும். முகவர் "சர்க்கரையை எழுதாதீங்க சார், நான் பாத்துக்கறேன்" என்று சொல்லும்போது அவரை நிறுத்தி, தம் கையாலேயே எழுதுவதுதான் சீருடை அணிந்தவர்க்கு அழகு. அங்கே மறைத்த ஒரு வரி, மருத்துவமனையில் படுத்திருக்கும் நாளில் மனைவியின் முன்னே மறுப்புக் கடிதமாக வந்து நிற்கும்.

இரண்டாம் பணியில் கிடைக்கும் குழுக் காப்பீட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நிறுவனமே கட்டணம் செலுத்துவதால் அது எளிதாகத் தோன்றுகிறது; இருபது ஆண்டுகள் அதிலேயே பழகிய வீரர் பாலிகிளினிக்கின் வழியையே மறந்துவிடுகிறார். 60 வயதில் அந்தப் பணி முடியும் நாளில் அந்தக் காப்பும் முடிகிறது. அதன்பின் சர்க்கரையும் கொதிப்புமாகப் புதிதாகக் காப்பீடு தேடுபவர்க்குக் கட்டணமும் காத்திருப்பும் மட்டுமல்ல, செலவில் ஒரு பங்கை நீங்களே ஏற்க வேண்டும் என்ற விதியும் சேர்ந்தே வரும். அட்டையை அந்த இருபது ஆண்டுகளிலும் உயிர்ப்போடு வைத்திருந்தவர்க்கு அந்த நாள் ஓர் இழப்பாகாது.

70 வயதைக் கடந்தவர்க்கு இப்போது மூன்றாவது ஒரு வழியும் திறந்துள்ளது. 2024 அக்டோபரில் விரிவாக்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் திட்டம், வருவாய் வேறுபாடின்றி ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் செலவை ஏற்கிறது. ஆனால் முன்னாள் படைவீரர் திட்டத்தில் உள்ளவர் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்துகொள்ள வேண்டும். உச்சவரம்பற்றதையும், நாள்தோறும் உண்ணும் மருந்தைத் தருவதையும் விட்டு, மருத்துவமனையில் சேர்ந்தால் மட்டும் உதவும் ஒன்றுக்கு மாறுவது பெரும்பாலோர்க்கு நன்மை தராது. பக்கத்து வீட்டார் ஆயுஷ்மான் அட்டை வாங்கினார் என்பதற்காக வரிசையில் நிற்பது கூடாது.

இவ்வளவும் ஓய்வூதியத்தோடு திரும்பியவர்க்கே பொருந்தும். 2022-இல் தொடங்கிய அக்னிபத் முறையில் சேர்ந்த இளைஞர்களுள் நான்கில் ஒரு பங்கினர் வரைதான் நிலையான பணியில் தொடர்வர். ஏனையோர் நான்கு ஆண்டு முடிவில், இருபதுகளின் தொடக்கத்திலும் நடுவிலும், ஓய்வூதியமும் இந்த நல்வாழ்வுத் திட்டமும் இன்றி வீடு திரும்புவார்கள். எடுத்துச் செல்வது சேவா நிதி என்னும் ஒரு தொகையை. தொடக்கத்தில் அறிவிக்கப்பட்டபடி வட்டியோடு ஏறத்தாழ 11.71 இலட்சம் ரூபாய். அந்தத் தொகை வந்த வாரத்தில் மோட்டார் வண்டி விற்பவரும் வீட்டுமனை விற்பவரும் அவ்விளைஞரைத் தேடி வருவார்கள். அவர்களுக்கு முன்பே அவ்வூரின் மூத்த ஹவில்தார் அவ்விளைஞர் வீட்டுத் திண்ணைக்குச் செல்ல வேண்டும். தமக்கு நாடு கொடுத்தது இந்தத் தம்பிக்கு இல்லை என்பதை மறைக்காமல் சொல்லி, தொகையில் சிறு பகுதியைக் கொண்டு அவர் பெயரிலும் பெற்றோர் பெயரிலும் காப்பீடு எடுக்கச் செய்து, படையில் பட்ட காயங்களையும் விண்ணப்பத்தில் விடாமல் எழுத வைத்து, முதல் ஆண்டுக் கட்டணச் சீட்டை அவர் தாயிடம் காட்டிவிட்டு வர வேண்டும்.